தனியே படிக்க ஒரு பொறி, கூடிப் பேச ஒரு திண்ணை

கணிப்பொறி வழியே ஒருவர் ஐயம் கேட்கிறார். முன்பின் அறியாத ஒருவர் விடை அளிக்கிறார். ஒரே அலுவலை நான்கு ஊர்களில் இருப்போர் கூடிச் செய்கின்றனர். இப்பழக்கத்தின் வேர் எங்கே உள்ளது? வணிகத்தில் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால், அதன் முக்கிய வேர்களுள் ஒன்று பாடம் கற்பிக்கும் முயற்சியில் இருக்கிறது.

வகுப்பில் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் பாடம் நடத்த இயலும். விரைவில் புரிந்துகொண்டவர் காத்திருக்கிறார், புரியாதவர் பின்தங்குகிறார். இக்குறையைப் போக்க, 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் டொனால்டு பிட்சர் என்ற பொறியியலார் 'பிளேட்டோ' எனும் அமைப்பை உருவாக்கினார். ஒவ்வொருவரும் ஒரு திரையின்முன் அமர்ந்து, தம் வேகத்தில் பயில வேண்டும் என்பதே நோக்கம். முதலில் ஒருவர் மட்டுமே பயில முடிந்தது. அடுத்த ஆண்டில் இருவர்!

பலர் பயில வேண்டுமானால் பல திரைகள் வேண்டும். திரையில் படம் நிலைத்து நிற்க நினைவகம் தேவை; அந்நாளில் அதன் விலையோ மிக அதிகம். 1964இல் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, இராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் இதற்கு வழி கண்டனர். இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நியான் அடங்கிய வாயுவை அடைத்தனர். குறுக்கும் நெடுக்குமாக மின்முனைகளை அமைத்தனர். இரண்டு முனைகள் சந்திக்கும் இடத்தில் தக்க மின்னழுத்தம் தந்தால், அப்புள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அணைக்கும்வரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அதாவது, திரையே தன் படத்தை நினைவில் வைத்துக்கொண்டது! இதுவே பிளாஸ்மா திரை. 1972இல் வந்த நான்காம் பிளேட்டோவின் திரையில் 512 வரிசைகளில் வரிசைக்கு 512 புள்ளிகள் இருந்தன. விரலால் தொட்டும் விடை சொல்லலாம்.

பயில்வோர் பெருகினர், அமைப்பில் அவர்கள் காணும் பிழைகளும் பெருகின. அவற்றை எழுதி வைக்கப் பொதுவான ஓர் ஏடு கணிப்பொறியில் இருந்தது. எழுதியவர் யார் என்று தெரியாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடலாம். 1973இல், 17 வயதே ஆன டேவிட் வூலி இதற்கு மாற்றாக 'நோட்ஸ்' என்ற புரோகிராமை எழுதினார். எழுதுபவரின் பெயர்க்குறியும் நேரமும் தாமே பதிவாயின. பிறர் குறிப்பில் பயனாளர்கள் கை வைக்க இயலாது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் 63 மறுமொழிகள் வரை சேர்க்கலாம்.

சிறிய மாற்றம்தான். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். ஒருவரது முறையீட்டுக்குக் கிடைத்த விடை எல்லோருக்கும் பயன்பட்டது. பொறியை அமைத்தவரும் அதைப் பயன்படுத்துபவரும் நேருக்கு நேர் பேசினர். அதே ஆண்டில் டக் பிரவுன் எழுதிய 'டாக்கோமாட்டிக்', ஐவர் ஒரே நேரத்தில் உரையாட உதவியது. எழுத்தெழுத்தாகப் பேச்சு திரையில் தோன்றியது. 1976இல் பயனாளர்கள் தத்தம் பொருளுக்கேற்பத் தனித்தனிக் குழுக்களையும் அமைத்துக்கொண்டனர்.

அதே ஆண்டில் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் பிளேட்டோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செலவு மிகுதி; போட்ட முதலுக்கேற்ற ஆதாயம் வரவில்லை. ஆனால் கூடிப் பேசும் முறை மறையவில்லை. இல்லினாயில் பிளேட்டோவைப் பயன்படுத்திய மாணவர் ரே ஆஸி பின்னாளில் உருவாக்கிய 'லோட்டஸ் நோட்ஸ்' 1989இல் வெளிவந்து, உலகெங்கும் அலுவலகங்களில் கூட்டுப் பணிக்குக் கருவியாயிற்று.

தனியே படிக்கச் செய்த பொறி கூடிப் பேசும் திண்ணையானது ஏன்? பாடத்தில் தடுக்கி நிற்பவருக்குப் பொறியின் விடை மட்டும் போதாது. நேற்று அதே இடத்தில் தடுக்கி எழுந்த ஒருவரும் வேண்டும். பிளாஸ்மா திரைகள் விற்பனையிலிருந்து மறைந்துவிட்டன, இத்தேவை மறையவில்லை. ஆகவே, புதிய கருவி ஒன்று உங்கள் கைக்கு வரும்போது அதன் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். கேட்ட கேள்வி நிலைத்து நிற்கிறதா, கிடைத்த விடை அடுத்தவருக்கும் எட்டுகிறதா என்றும் பாருங்கள்.