காலுக்கு வந்த வைத்தியம்

குதிரையேற்றப் பயிற்சி மைதானத்தின் வேலியில் எழுத்துப் பலகைகள் மாட்டியிருப்பார்கள். மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஒரு சுற்று வந்தால் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று எட்டு எழுத்துகள் கண்ணில் படும். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று குதிரையில் வருபவருக்குச் சொல்ல வைத்த அடையாளங்கள் அவை. ஏன் இப்படிக் கலைந்த வரிசை என்று கேட்டால் குதிரைக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதற்கும் ஆதாரம் கிடையாது.

இங்கிலாந்தின் சிற்றூர் மைதானங்களில் இந்தப் பலகைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மட்டக்குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிறுவனிடம் “பி-க்குப் போ” என்பார் பயிற்சியாளர். வகுப்பில் கரும்பலகைப் பக்கமே திரும்பாத பிள்ளை, குதிரை நகர வேண்டுமே என்பதற்காக பி எங்கே என்று தேடுவான். எழுத்து பிடிபடாதவர்களுக்குப் பலகையோடு படமும் மாட்டுவார்கள்.

இவனைப் போல அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் இந்த வேலிக்குள் வந்தது சுற்றுவழியில்தான். வைத்தியம் முதலில் வந்தது காலுக்கு.

குதிரைச் சவாரி உடம்புக்கு நல்லது என்பது ஐரோப்பிய வைத்தியர்களின் பழைய நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வைத்தியம் பார்த்த தாமஸ் சிடனம், காசநோய்க்கே சவாரியைப் பரிந்துரைத்தார். அதெல்லாம் குதிரை வைத்திருந்தவர்களுக்குச் சொன்ன யோசனை. ஊனமுற்ற ஒருவரைக் குதிரை மேல் ஏற்றலாம் என்று உலகம் கண்ணால் கண்டது 1952 ஜூலையில், ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்.

லிஸ் ஹார்டெல் டென்மார்க்காரர். 1944-இல் அவருக்கு வயது 23. வயிற்றில் இரண்டாவது குழந்தை. அப்போது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. அம்மாவுக்குக் கைகளும் தொடைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. முழங்காலுக்குக் கீழே கடைசிவரை திரும்பவில்லை. குதிரையை வழிநடத்துவது பெரும்பாலும் காலின் வேலை. அவரோ இடுப்பின் அசைவாலும் உடல் எடையை மாற்றுவதாலும் ஜூபிலி என்ற பெண்குதிரையோடு பேசக் கற்றுக்கொண்டார். ஏறவும் இறங்கவும் ஆள் தூக்கிவிட வேண்டும். 1947-இல் ஸ்காண்டினேவியப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தார்.

ஆனாலும் ஒலிம்பிக் கதவு மூடியே இருந்தது. அதற்குக் காரணம் அவருடைய கால் அல்ல. அதுவரை ஒலிம்பிக் குதிரையேற்றம் ராணுவ அதிகாரிகளின் சொத்து. 1948-இல், குதிரையை நயமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியின் அணிப் பிரிவில் தங்கம் வென்ற ஸ்வீடனிடமிருந்து மறு ஆண்டே பதக்கத்தைப் பிடுங்கினார்கள்; அணியில் ஒருவர் முழு அதிகாரி இல்லையாம், ஒரு படி கீழாம்! இந்த அபத்தத்துக்குப் பிறகுதான் விதி தளர்ந்தது. 1952-இல் சிப்பாய்களும் பொதுமக்களும் பெண்களும் டிரெஸ்ஸாஜில் இறங்கினார்கள். ஹார்டெல் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர், அவரைக் கைத்தாங்கலாகப் பதக்க மேடைக்கு ஏற்றினார். நான்கு ஆண்டு கழித்து ஹார்டெலுக்கு மறுபடியும் வெள்ளி.

1952-இன் அந்த முதல் வெள்ளிக்கு மறுமாதமே கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாக வெடித்தது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் திணறியவர்களுக்கு இயந்திரம் போதாமல், சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு, கையால் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி உயிர்காத்தார்கள். பிழைத்த பிள்ளைகள் பலருக்குக் கால் விளங்கவில்லை, முதுகில் பலமில்லை. கண்ணெதிரே ஹார்டெல் இருந்தார். டென்மார்க்கில் உல்லா ஹார்போத், நார்வேயில் எல்செபெட் பெட்கர் ஆகிய இயன்முறை மருத்துவர்கள் நோயாளிகளை மட்டக்குதிரையில் ஏற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பலன் இருந்தது என்றால் அதற்குக் காரணம் குதிரையின் நடை. நம் பழைய நூல்கள் குதிரைக்கு ஐந்து கதி சொல்லும்; இங்கே பாய்ச்சலுக்கு வேலையே இல்லை, நடைதான் எல்லாம். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும் அசைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, லேசாகத் திருகுகிறது. மனிதர் நடந்தால் இடுப்பு எப்படி அசையுமோ ஏறத்தாழ அப்படியே. நிமிடத்துக்கு நூறடி போல விழும் அந்தத் தாளமும் மனித நடைக்குப் பக்கத்தில் வரும். நடக்காத பிள்ளையின் இடுப்புக்கு நடையைக் கடன் கொடுக்கிறது குதிரை.

1955-இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தது. பத்தே ஆண்டில் மேற்கு நாடுகளில் இளம்பிள்ளை வாதம் அருகிப்போனது. விநோதம் என்னவென்றால், குதிரை வைத்தியம் அமைப்பாகத் திரண்டதே அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் சிக்வெல்லில் 1964-இல் ஊனமுற்றோர் சவாரிக்கென ஓர் அறக்கட்டளை எழுந்தது. 1969-இல் இப்படிப்பட்ட சுமார் 80 சவாரிக் குழுக்கள் சேர்ந்து ‘ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்’ ஆயின. 1971-இல் இளவரசி ஆன் அதன் புரவலரானார். சேணத்திலேயே வளர்ந்தவர், 1976 ஒலிம்பிக்கில் குதிரையேறியவர். அதே 1969-இல் அமெரிக்காவிலும் இதற்கொரு சங்கம் உருவானது. குதிரை தயார், லாயம் தயார், தொண்டர்கள் தயார். வர வேண்டிய பிள்ளைகள் மாறிவிட்டார்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களும், அவர்களோடு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும் வந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் அதுவரை எங்கே இருந்தார்கள்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971 வரை, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தையைக் ‘கல்வி புகட்ட இயலாதது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கு வெளியே நிறுத்தச் சட்டத்தில் இடமிருந்தது. அந்தப் பொறுப்பு கல்வித் துறையுடையதல்ல, சுகாதாரத் துறையுடையது. 1970-இல் நிறைவேறிய சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகே ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளி என்பது விதியானது. குதிரைக் குழுக்கள் பெருகியதும் சிறப்புப் பள்ளிகள் பெருகியதும் ஒரே காலம். பள்ளி வேன் லாயத்து வாசலில் வந்து நிற்பது அதன் பிறகு வாடிக்கையானது.

ஜெர்மானியர்கள் இதை இன்னும் சீராகப் பிரித்துக்கொண்டார்கள். 1970-இல் அமைத்த மையக் குழுவில் மருத்துவம் ஒரு கிளை, கல்வி ஒரு கிளை, விளையாட்டு ஒரு கிளை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரிதும் உதவியது கல்விக் கிளை. நீண்ட கயிற்றில் கட்டிய குதிரை வட்டமாக நடக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி, கைநீட்டி, மண்டியிட்டு, எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் பாடம்தான்.

ஒரு வகுப்பைப் பார்த்தால் அதன் பொறுமை புரியும். முன்னே ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார்; இரு பக்கமும் ஆளுக்கொருவர் பிள்ளையின் தொடைக்குப் பக்கத்தில் கை வைத்து நடப்பார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று ஆள். தலையில் ஹெல்மெட். கால் உள்ளே புகுந்து சிக்காதபடி முன்பக்கம் தோலால் மூடிய அங்கவடி. ‘வாக் ஆன்’ என்று பிள்ளை சொன்னால்தான் குதிரை நகரும். வாய் திறக்காத பிள்ளை என்றால் கழுத்தில் ஒரு தட்டு, அல்லது ஒரு சைகை. அதற்காக எல்லோரும் காத்து நிற்பார்கள். காலையில் எழுந்ததிலிருந்து பிறர் சொன்னபடியே நடக்கும் ஒரு பையன், அரை டன் எடையுள்ள உயிரை ஒரு சொல்லால் நகர்த்துகிறான்.

குதிரைக்கும் இது லேசான வேலை அல்ல. திடீர்க் கூச்சல், பிடரியைப் பிடித்து இழுக்கும் கை, ஒரு பக்கம் சரியும் பாரம், உருண்டுவரும் சக்கர நாற்காலி. இவற்றுக்கெல்லாம் மிரளாத குதிரையைத் தேர்ந்து, மாதக்கணக்கில் பழக்க வேண்டும். பந்தயக் குதிரையின் துடிப்பு இங்கே தகுதிக் குறைவு.

இதனால் அறிவு வளருமா? அப்படி எந்த நம்பகமான ஆய்வும் காட்டவில்லை. காட்டியதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஆனால் நடத்தையிலும் பேச்சிலும் மாற்றம் தெரிந்ததுண்டு. அமெரிக்காவில் கொலராடோவில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயது வரையிலான 127 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி பத்து வாரம் சவாரி செய்தது. மறு பாதி அதே லாயத்தில், குதிரையைத் தொடாமல், குதிரையைப் பற்றிப் படித்தது. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் பரபரப்பும் கூடுதலாகக் குறைந்தன; பேசிய சொற்கள் கூடின. பெற்றோருக்கு அதுவே பெரிய விஷயம்.

போட்டி மேடையில் மட்டும் உடல் வேறு, அறிவு வேறு என்ற பழைய பிரிவினை இன்னும் நிற்கிறது. பாராலிம்பிக் குதிரையேற்றத்தில் உடல் குறைபாட்டுக்கும் பார்வைக் குறைபாட்டுக்கும் பிரிவுகள் உண்டு. அறிவுசார் குறைபாட்டுக்குக் கிடையாது. அவர்களுக்கான இடம் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அங்கே குதிரையேற்றம் உண்டு.

இந்தியப் பெருநகரங்களிலும் இப்போது ஆங்காங்கே இந்தப் பயிற்சி கிடைக்கிறது. சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும், சவாரி ஆபத்தாகலாம். மருத்துவரிடம் கழுத்தைக் காட்டி ஒப்புதல் வாங்காமல் ஏற்றாதீர்கள். லாயத்துக்குப் போனதும் ஹெல்மெட் இருக்கிறதா, புதிதாக ஏறும் பிள்ளையின் இரு பக்கமும் ஆள் நடக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு கட்டணம் கட்டியிருந்தாலும், பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.