மலைமுகடும் நீலநிறமும்: கம்பம் பள்ளத்தாக்கில் நிலப்படத்தின் ஆட்சி

இருக்கிற எல்லையை நிலப்படம் காட்டுகிறது என்றே பொதுவாக நம்புகிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இங்கே கோடு முதலில் விழுந்தது. உரிமை அதன் பின்னால் வந்தது.

நாயக்கர் கால மதுரைச் சீமையில் அதிகாரம் பரப்பளவால் அளக்கப்படவில்லை. போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர் பாளையங்களின் பலம் காவல் உரிமையிலும் வரியிலும் மலைப்பாதைகளிலும் இருந்தது. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே பொதிமாடுகள் ஏறி இறங்கின. மேற்கே உயர்மலைகளில் உரிமை கொண்டாடிய பூஞ்சாறு அரசர்கள் தங்களைப் பாண்டியர் வழியினர் என்றனர். மன்னான், முதுவான் குடிகளுக்கோ முகடு வெறும் வழித்தடம்தான். இத்தகைய ஆட்சிக்குக் கூர்மையான கோடு தேவைப்படவில்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில், 1794இல், சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. வரி வசூலிக்கவும் படை நகர்த்தவும் கம்பெனிக்கு நிலத்தின் அளவு வேண்டியிருந்தது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு லெப்டினன்ட்டுகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். திண்டுக்கல், மதுரைச் சீமைகளைப் பற்றியும் வார்டு விரிவான அளவைக் குறிப்பு எழுதினார். மலையின் இருபுறத்தையும் அளந்தது ஒரே அரசின் கருவி என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன். சமஸ்தானத்தின் எல்லையையும் கம்பெனியே வரைந்து கொடுத்தது.

அந்த வரைவின் முழு வலிமை 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான பெரியாறு குத்தகையில் தெரிகிறது. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. 1789இலேயே ராமநாதபுரம் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆளனுப்பி இடம் பார்த்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் அது நடவாது என்றார். பொறியாளர் பென்னிகுக்கின் அணைத் திட்டம் உருப்பெற்றபோது பொறியியலோடு சட்டமும் தேவைப்பட்டது. அணை அமையும் இடத்தில் ஆற்றுப்படுகையின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஓடும் சமவுயரக் கோட்டுக்குள் அடங்கும் ஏறத்தாழ 8,000 ஏக்கர், 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் குத்தகையாயிற்று. அந்த நிலம் ஆவணத்தோடு இணைத்த படத்தில் நீலநிறம் தீட்டிக் காட்டப்பட்டது. நீர் தேங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே ஏரி காகிதத்தில் நிறைந்துவிட்டது!

ஒப்பமிட்டவர்கள் திருவிதாங்கூர் திவான் ராமையங்காரும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹானிங்டனும். குத்தகைப் பணம் திருவிதாங்கூர் செலுத்த வேண்டிய கப்பத்தில் கழிக்கப்பட்டது. அந்தக் காட்டில் வாழ்ந்த குடிகள் உடன்படிக்கையில் தரப்பினர் அல்லர். அளவை நுட்பத்தின் துல்லியத்தைப் போற்றும்போது இந்த விடுபடலையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்கள் பெரியாற்று நீரால் விளைந்தவை. அந்தப் பயனைக் குறைத்துச் சொல்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. கோட்டின் ஆட்சியும் அதே அளவு உண்மை. 1979க்குப் பின் அணையின் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டபோதும் குத்தகை எல்லை 155 அடியிலேயே நின்றது. எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் யாருக்கு என்ற வழக்கில் தமிழகத் தரப்பு 1817ஆம் ஆண்டு அளவையைச் சான்று காட்டுகிறது. தேக்கடி ஆனவச்சாலில் கேரளம் அமைத்த வாகன நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா என்று அளந்து சொல்லும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் இந்திய நில அளவைத் துறையைப் பணித்தது.