தேவாலய மாலையும் குடும்ப வரலாறும்

மலைநாட்டுத் தோட்டங்களிலுள்ள கிறிஸ்தவ சபையார் ஒரு மாலைப் பொழுதில் தேவாலயத்திலே கூடித் தம் குடும்ப வரலாற்றை நினைவுகூரும்போது, பேச்சு பெரும்பாலும் ஓர் ஊர்ப்பெயரில் தொடங்கும். மெஞ்ஞானபுரம் என்பார் ஒருவர். பண்ணைவிளை என்பார் மற்றொருவர். அவ்வூர்களைக் கண்ணால் கண்டவர் அக்கூட்டத்தில் ஒருவரேனும் இல்லாதிருக்கலாம். பாட்டன் சொல்லத் தந்தை கேட்டதும், தந்தை சொல்லத் தாம் கேட்டதுமே அவர்களுடைய வரலாறு. இரண்டு தலைமுறை கடந்தவுடன் நினைவு தடுமாறும். அவ்விடத்தில் துணைக்கு வருவது ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடு.

கோப்பிப் பயிர் ஓங்கியிருந்த காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து மலையேறினர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியில் இரையானவர் பலர். அவர்களுடைய பெயர்களை எழுதிவைத்தவர் எவருமிலர். இந்நிலையில், 1854ஆம் ஆண்டு கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பெற்றது. பெயரிலேயே அக்காலத்து மனப்பான்மை தெரிகிறது! திருநெல்வேலியில் ஊழியம் புரிந்த செப்டிமஸ் ஹாப்ஸ் பாதிரியார் அதற்கு மேற்பார்வையாளரானார். திருநெல்வேலிச் சீமையிலிருந்தே உபதேசிமாரும் வரவழைக்கப்பட்டனர். தோட்டம் தோட்டமாக நடந்து சென்று ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதும் அவர்களுடைய பணி.

ஞானஸ்நானம் கொடுத்தால் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. நாள், பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், இருப்பிடம், தொழில், குருவானவரின் கையொப்பம் ஆகியன அதில் அடங்கும். துரையின் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் கேள்விகள் ஒன்றே. தோட்ட நிருவாகத்தின் கணக்கோ வேறு வகையானது. 1902ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ‘தகரத் துண்டு’ முறையில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லை ஒன்று தொழிலாளியிடம் கொடுக்கப்பட்டது. அந்தத் தகரத்தில் தாயின் பெயருக்கு இடமில்லை.

டிக்கோயாவில், இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் துரைமாரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. லயத்து மக்களின் பெயர்களுக்குக் காகிதமே கல்லாயிற்று.

அந்தக் காகிதத்தின் அருமை 1948ஆம் ஆண்டில் விளங்கியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். ஆற்றைக் கடந்தவனிடம் ஓடத்தின் சீட்டைக் கேட்டது போலாயிற்று. முன்னோர் பிறப்பைப் பதியாத குடும்பங்கள் எதைக் காட்டுவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமோ தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டது. அதன்கீழ் ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. பதிவேட்டில் பெயர் உள்ளோர் அனைவரும் தப்பினர் என்பதற்கில்லை. மலையக மக்களுள் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். பெரும்பான்மையான குடும்பங்களுக்கு இந்த ஒரு வரி எழுத்தும் வாய்க்கவில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 லட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றிருந்தோரின் குறை தீரப் புதிய சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் ஒரே தாய் தந்தையரின் மக்களுள் அண்ணன் வழியினர் டிக்கோயாவிலும் தம்பி வழியினர் நீலகிரியிலும் வேரூன்றிவிட்டனர். ஆகவே, தேவாலய மாலையில் பழைய பெயர்கள் வாசிக்கப்படும்போது, சில பெயர்களுக்கு எழுந்து நிற்க அங்கே ஆளிருப்பதில்லை. அவர்கள், பாட்டன் வந்த வழியே திரும்பி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள்.