ஆயாக் கொட்டகையிலிருந்து டிரான்சிட் வரை

பெரட்டு விடியுமுன். பள்ளிக்கூட மணி ஏழரை வாக்கில். பள்ளி விடுவது மதியம் ஒரு மணிக்கு. அம்மா தேயிலைக் காட்டிலிருந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்புவதோ மாலை நான்குக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் பிள்ளை யாரிடம் இருந்தது?

இன்று பட்டணத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் புதிய கேள்வி அல்ல. கேமரன் மலையில் முதல் தேயிலைச் செடி ஊன்றப்பட்ட காலத்திலேயே லயத்து வீடுகளில் எழுந்த கேள்வி.

வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது 1885-இல். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மலை காடாகவே கிடந்தது. ஜே. ஏ. ரசல் என்ற ஆங்கிலேயர் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பார்த்துப் பழகிய மில்ன் என்பவர் அவருக்குத் துணை நின்றார். தாப்பாவிலிருந்து சாலை மேலேறி வந்ததும் 1930-களின் தொடக்கத்தில்தான். காட்டை அழிக்கவும் சரிவை வெட்டவும் ஆண்கள் போதும். ஆனால் கொழுந்து கிள்ள? அதற்குப் பெண்கள் வேண்டும் என்பது அசாமிலும் நீலகிரியிலும் இலங்கையிலும் துரைமார்கள் கண்டிருந்த பாடம். ஆகவே குடும்பம் குடும்பமாகத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள்.

பெண்ணின் விரல் மென்மையானது, கொழுந்து நசுங்காது என்று ஒரு காரணம் சொல்வார்கள். சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் உண்டு. 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே வெயில், ஒரே மழை, ஆனால் பத்துக் காசு குறைவு. அந்த நாற்பது காசு இல்லாமல் குடும்பம் ஓடாது என்பதும் உண்மை. எனவே தாய் வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு லயத்தில் இடமே இருக்கவில்லை.

ரப்பர் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரு வேறுபாடு இருந்தது. பால்மரம் வெட்டுவது இருட்டோடு தொடங்கும் வேலை. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். எனவே அதிகாலையில் போன தாய் பால் எடுத்து, ஊற்றி, மதியத்துக்கு மேல் வீடு வந்து சேருவாள். அங்கே பிள்ளைக்குத் துணை இல்லாத நேரம் பள்ளிக்கு முந்திய நேரம். தேயிலை அப்படியல்ல. வெளிச்சம் வந்தால்தான் கொழுந்து தெரியும். ஆனால் எடை போட்டு முடிக்கும் வரை, மாலை வரை, சரிவில் நிற்க வேண்டும். ஆகவே மலையில் பெரிய இடைவெளி பள்ளி விட்ட பிறகு வந்தது. குளிரும் மழையும் சேர்ந்த ஊர் வேறு. பிள்ளையை மர நிழலில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளலாம் என்றால், செங்குத்தான சரிவில் தூளி கட்ட மரமும் இல்லை, சமதரையும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஆயாக் கொட்டகை வருகிறது. மலேசியத் தமிழர்களில் ஐம்பது வயதைக் கடந்த பலருக்கு இந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு வாடை நினைவுக்கு வரும். கஞ்சி, பால்மாவு, ஈரத்துணி எல்லாம் கலந்த வாடை அது. லயத்துக்கு அருகே ஒரு கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சாரோங் தூளிகள். காட்டு வேலைக்கு உடம்பு இடம் கொடுக்காத ஒரு மூதாட்டி. அவர்தான் ஆயா. இலங்கை மலையகத்தில் இதையே பிள்ளைக் காம்பரா என்றார்கள். பெயர் வேறு, தூளி ஒன்று.

ஆயாவுக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. ஒருவர் கையில் எத்தனையோ குழந்தைகள். ஒன்றுக்குச் சளி வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இவையெல்லாம் குறைகள்தான். ஆனாலும் அந்தக் கொட்டகைக்கு ஒரு பெருமை உண்டு. கங்காணி முறையில் கடல் கடந்த குடும்பத்தில் கணவன் இருந்தான், மனைவி இருந்தாள். பாட்டி மட்டும் சேலத்திலோ திருச்சியிலோ தங்கிவிட்டாள். ஊரில் பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்க்க இருந்த அந்தக் கை இங்கே இல்லை. அந்தக் கையை ஆயா தந்தார். 1938-இல் தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. அதன் பிறகு இங்கேயே தங்கி, இங்கேயே முதுமை கண்ட தலைமுறையிலிருந்துதான் லயத்துக்குச் சொந்தப் பாட்டிகள் கிடைத்தார்கள்.

சரி, கைக்குழந்தைக்கு ஆயா. பள்ளி வயதுப் பிள்ளைக்கு?

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு விதி போட்டது. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி வரலாற்றில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் விதி இது. ஆனால் அந்தப் பள்ளிகள் எப்படி நடந்தன? பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். அரை நாள் பாடம். மீதி அரை நாள் பிள்ளைகளும் காட்டுக்குப் போனார்கள். கொடுமைதான். ஆனால் கவனியுங்கள், பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அன்றைய தோட்டம் அளித்த விடை அதுவே: பிள்ளை அம்மாவின் பக்கத்தில், கையில் ஒரு சிறு கூடையோடு.

சுதந்திரத்துக்குப் பின் அந்த விடை மெல்ல மறைந்தது. 1966-ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தியது. நல்ல சட்டம், வர வேண்டிய சட்டம். ஆனால் காட்டிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளை மதியம் ஒரு மணிக்கு எங்கே போக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆயாக் கொட்டகைக்குப் போக வயது தாண்டிவிட்டது. வீடோ பூட்டிக் கிடக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்பியது அரசும் அல்ல, நிர்வாகமும் அல்ல. பத்து, பதினொரு வயது அக்காமார்கள். தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, அடுப்பை அணைத்து, மழை வந்தால் துணி எடுத்து வைத்த சிறுமிகள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆயா சேர்த்துக்கொள்ள மாட்டார். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அப்போது பள்ளிக்கு மட்டம் போட்டவள் அண்ணன் அல்ல, அக்காதான். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு ஏன் நின்றார்கள் என்று மேடைகளில் ஆராய்கிறோம். வறுமை என்கிறோம், பெற்றோரின் அறியாமை என்கிறோம். பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற காரணத்தை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

மற்ற நாடுகளில் வயது வரம்பு எப்படி இருந்தது என்று பார்ப்பது பயன் தரும். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1981-இல் அது திருத்தப்பட்டு, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலே போதும் என்றானது. இலங்கையில் 1992-இல் தோட்டங்களுக்கென ஓர் அறநிதியம் அமைக்கப்பட்டு, பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறத் தொடங்கின. மலேசியாவில் 1990-ஆம் ஆண்டு வந்த குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் தொழிலாளர் வீட்டோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தே பேசியது. மூன்று நாடுகளிலும் கவனம் போனது சின்னஞ்சிறுசுகள் மேல்தான். பள்ளிப்பை மாட்டிய பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை.

மலேசியச் சட்டம் வருவதற்குள் தோட்டமே மாறத் தொடங்கிவிட்டது. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய வேலை அனுமதி குடும்பத்தை அழைத்துவர இடம் தருவதில்லை. பிள்ளை இல்லாத தொழிலாளிக்கு ஆயா எதற்கு? கத்திரியும் இயந்திரமும் கொழுந்து வெட்டின. தமிழ்க் குடும்பங்களில் பல மலையை விட்டு இறங்கின. மற்றவை தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் என்று சிறு பட்டணங்களுக்கு நகர்ந்து காய்கறித் தோட்டம், பூந்தோட்டம், ஹோட்டல், கடை என வேலை தேடிக்கொண்டன.

சம்பளம் கூடியது, உண்மை. ஆனால் ஆயாக் கொட்டகை தோட்டத்தோடு ஒட்டியது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்குக் கூடவே வரவில்லை. அதைவிட வேடிக்கை, கேமரன் மலையில் ஹோட்டல்களும் கடைகளும் நிரம்பி வழிவது பள்ளி விடுமுறையில்தான். அதாவது பிள்ளை நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அதே வாரங்களில்தான் பெற்றோருக்கு விடுப்பு கிடைக்காது!

இப்போதைய சட்டங்கள் என்ன சொல்கின்றன? நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் கட்டணத்துக்குப் பராமரிக்கப்படும் இடம் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற பராமரிப்பு மையமாக இருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வரை பாலர் பள்ளி. அது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஏழு வயது முதல் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் தங்கும் 'டிரான்சிட்' இடங்களுக்கென்று தனிச் சட்டம் வரவில்லை. டியூஷன் என்று பெயர் சொல்லிப் பிள்ளைகளை நான்கு மணி வரை உட்கார வைக்கும் இடங்களும் உண்மையில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. பெற்றோர் கொடுக்கும் பணத்தில் பாதி கணக்குப் பாடத்துக்கு, பாதி காவலுக்கு.

இன்னொரு பக்கம், 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தக்க மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றம் என்கிறது. பிள்ளையின் உயிர் பெரிது, பிரிவு தேவைதான். ஆனால் தனியே விடாதே என்று சொல்லும் சட்டம் எங்கே விடுவது என்று சொல்லவில்லையே! திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி முதல் நாளில் நடப்புக்கு வந்தது. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்ற விதியும் வந்தது. அலுவலகத்தில் கணினி முன் இருப்பவருக்கு இது உதவலாம். கொழுந்து வெட்டுபவரும் ஹோட்டல் அறை துடைப்பவரும் எந்த நேரத்தை எங்கே மாற்றிக் கேட்பது?

எனவே மலையில் இன்றும் நடப்பது பழைய ஏற்பாடுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாதம் இவ்வளவு வெள்ளி என்று பேசிப் பிள்ளையை விடுவது. நான்கு வயதுக்குட்பட்டவர்கள் மூவரோடு நிறுத்திக்கொண்டால் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பதிய வேண்டியதில்லை. மதியம் பள்ளி வேன் இறக்கிவிடும் ஏழு வயதுக்காரன் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.