ரத்தம் கொட்டுது... ஆனா சிரிப்பும் வருதே! இத்தாலி பேய்ப் படங்களுக்கு இவ்வளவு ரசிகர்கள் ஏன்?

கடலுக்கு அடியில் ஒரு ஜாம்பி. எதிரே ஒரு சுறா. ஜாம்பி சுறாவைக் கடிக்கிறது. பதிலுக்கு சுறா ஜாம்பியின் கையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கிராபிக்ஸ் எல்லாம் இல்லை, அது நிஜ சுறா!

1979ல் லூசியோ ஃபுல்சி இயக்கிய 'ஜாம்பி 2' படத்தில்தான் இந்தக் காட்சி. கதைக்கு இது தேவையா என்று கேட்டால், சத்தியமா இல்லை. ஆனால் படம் பார்த்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, 'ஜாம்பி 1' எங்கே? அதுதான் வேடிக்கை. ஜார்ஜ் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' இத்தாலியில் 'ஜாம்பி' என்ற பெயரில் ஓடி ஹிட் ஆனது. அந்தச் சூட்டிலேயே, கதையில் துளியும் சம்பந்தமில்லாத இந்தப் படத்துக்கு '2' போட்டு இறக்கிவிட்டார்கள்.

மஞ்சளில் தொடங்கிய கதை

இத்தாலிய மொழியில் 'ஜியாலோ' என்றால் மஞ்சள். 1929 முதல் மொண்டடோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களை வெளியிட்டது. நாளடைவில் மர்மக் கதைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. சினிமாவில் இதற்குப் பாதை போட்டவர் மரியோ பாவா. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். ஃபேஷன் நிறுவனம் ஒன்றில் முகமூடிக் கொலைகாரன் புகுந்து மாடல்களைக் கொல்லும் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' (1964) படத்தில், யார் கொலைகாரன் என்பதைவிட சிவப்பு, நீலம், பச்சை வெளிச்சம்தான் மனதில் நிற்கும்.

அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் டாரியோ அர்ஜென்டோ. அவருடைய 'சஸ்பிரியா' (1977) ஒரு நடனப் பள்ளியில் நடக்கும் சூனியக்காரிக் கதை. அதில் வரும் ரத்தம் ரத்தம் மாதிரியே இருக்காது, பெயிண்ட் மாதிரி பளிச்சென்று இருக்கும். கூடவே 'காப்ளின்' இசைக்குழுவின் அலறும் இசை. இது நிஜமில்லை என்று படமே சொல்லிக்கொண்டிருப்பதால், பயத்தோடு ரசிக்கவும் முடிகிறது. அர்ஜென்டோவின் பல படங்களில் கையுறை போட்ட கொலைகாரனின் கைகள் க்ளோசப்பில் வரும். அந்தக் கைகள் அவருடையவைதான். இயக்குநருக்கே அப்படி ஒரு ஆசை!

தியேட்டருக்குள்ளேயே பேய்

விளையாட்டுத்தனம் உச்சத்துக்குப் போன படம் எது என்றால், என் ஓட்டு 'டீமன்ஸ்' (1985) படத்துக்கு. இயக்கியவர் மரியோ பாவாவின் மகன் லம்பெர்டோ பாவா, தயாரித்தவர் அர்ஜென்டோ.

பெர்லினில் ஒரு தியேட்டருக்கு இலவச டிக்கெட் கொடுக்கிறார்கள். முகப்பில் இருக்கும் முகமூடியை ஒரு பெண் விளையாட்டாகப் போட்டுப் பார்க்க, முகத்தில் கீறல் விழுகிறது. உள்ளே ஓடும் படத்திலும் ஒருவனுக்கு அதே கீறல்! கொஞ்ச நேரத்தில் ஒரு பேய் திரையைக் கிழித்துக்கொண்டு வந்து விழுகிறது. வெளியே ஓடினால் வாசலில் சுவர். அப்புறம் ஹீரோ கையில் வாளோடு இருக்கைகள் மேல் பைக் ஓட்டுகிறார். அதுவும் போதாது என்று கூரையைப் பிய்த்துக்கொண்டு ஹெலிகாப்டர் விழுகிறது. 'ஏன்?' என்று கேட்டால் பதில் கிடையாது. லாஜிக்கைத் தேடாமல், அடுத்து என்ன கிறுக்குத்தனம் செய்வார்கள் என்று காத்திருப்பதில்தான் சுவாரஸ்யம்.

உதடு ஒட்டாத வசனங்களுக்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் இத்தாலியில் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்ய மாட்டார்கள். பல நாட்டு நடிகர்கள் அவரவர் மொழியில் பேச, பிறகு டப்பிங் செய்வார்கள். அதனால் ஒரு கனவு மாதிரியான உணர்வு தானாகவே வந்துவிடுகிறது.

எல்லாமே விளையாட்டா?

இல்லை. ருக்கெரோ டெயோடட்டோவின் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) வந்தபோது, நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று சந்தேகம் கிளம்பியது. அவர்கள் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டி வந்தது. மனிதர்கள் சாகவில்லை, ஆனால் ஆமை, குரங்கு உள்ளிட்ட விலங்குகள் கேமரா முன்னால் நிஜமாகவே கொல்லப்பட்டன. அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது, ரசிகர்களிலேயே பலர் அந்தப் படத்தைத் தொடுவதில்லை. பெண்களைக் கொல்லும் காட்சிகளை இந்தப் படங்கள் இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்ற விமர்சனமும் நீண்ட காலமாக இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

இவை பெரியவர்களுக்கான படங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். முதலில் 'டீமன்ஸ்', அடுத்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'சஸ்பிரியா'. 'ஜாம்பி 2'வை சுறாவுக்காகப் பார்க்கலாம். ஆனால் உடைந்த கதவின் மரச்சிராய் ஒரு பெண்ணின் கண்ணை நெருங்கும் காட்சி வரும்போது, ஃபார்வர்டு பட்டனில் விரலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.