காசநோய் நெறிமுறையும் சமநீதியும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

1. சிக்கல்

சிகிச்சை நெறிமுறை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆய்வகம், மருத்துவர், வேலைக்கு விடுப்பு எடுக்கும் வசதி ஆகியவை அப்படியல்ல. காசநோயில் இந்த வேறுபாடு உயிரைப் பறிக்கும். இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கிறது.

2. ஐந்து அளவுகள்

நோயின் கடுமைக்கேற்பச் சிகிச்சையை வகுக்க 2021-இல் வந்த தேசிய வழிகாட்டுதல், இரத்தப் பரிசோதனைகள் உள்ளிட்ட பலவற்றைக் கேட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவை உடனே கிடைப்பதில்லை. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அவற்றைச் சுருக்கியது: உடல் நிறை குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது. எடை மெஷின், உயர அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம் போதும். குறியீடு 14 என்றால், 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் எடை வெறும் 31.5 கிலோ. அவரைத் தாமதமின்றி உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். சமநீதி பற்றிய நீண்ட அறிக்கைகளைவிட இந்தச் சுருக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

3. வார்டுக்கு வெளியே

சேர்க்கச் சொல்வது எளிது. திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டைப் பக்கம் பூ எடுக்கும் கூலிப்பெண் படுத்துவிட்டால், துணைக்கு இருப்பவரின் கூலியும் போகிறது; வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஆளில்லை. ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் என 2018-இல் தொடங்கிய உதவி, 2024 நவம்பரில் 1,000 ஆனது. அது வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கில் சிக்கல் இருந்தால் பணம் நிற்கும், பசி நிற்காது.

ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்துக்கும் உணவுப்பொருள் கொடுத்தபோது வீட்டாரிடையே புதிய காசநோய் சுமார் 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. வேடசந்தூர் நூற்பாலைகளில் வடமாநிலத்தவர் பலர் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய குடும்பமோ தொலைவில். அறைத்தோழர்களே இங்கு வீட்டார். நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்களுக்கான பரிசோதனை அந்த அறையில்தான் தொடங்க வேண்டும், அவர்களுக்குப் புரியும் மொழியில்.

4. கணக்கில் வராதவர்கள்

அரசு மருத்துவமனையில் பதிவான வயதுவந்தோரை வைத்தே திட்டம் தொடங்கியது. காலை ஷிப்டில் இருப்பவரோ மாலையில் தனியார் கிளினிக்குக்குத்தான் போகிறார். ஐந்து அளவுகளும் அங்கே எடுக்கப்பட வேண்டும். மாவட்டத்தின் மொத்த இறப்பு விகிதம் குறைந்தது என்பது மட்டும் போதாது. மாதாந்திர ஆய்வில் ஆண், பெண், தொழில், சொந்த மாநிலம், கண்டறிந்த இடம் எனப் பிரித்து, எந்தப் பிரிவில் வார்டில் சேர்ந்தவர் மிகக் குறைவோ அங்கே முதலில் ஆள் அனுப்ப வேண்டும்.