பார் கம்பி

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், செவிலியர் என ஆயிரக்கணக்கானோர் பழகினர். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். குழந்தையை உட்காரவைக்க பார் கம்பி வசதி என்றார்கள்.

எனக்கு அப்போது பதினெட்டு. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி சைக்கிளு?" என்றது தெரு. முழங்கால் சிராய்த்துப் பழகினேன். பஸ்ஸுக்கும், துணைக்கு வரும் அண்ணனுக்கும் காத்திருந்த நேரம் எனக்கே மிச்சமாயிற்று. ஆனால் வீட்டுத் தண்ணிக் குடமும் என் கேரியரிலேயே ஏறியது, அண்ணன் தூக்கவில்லை.

வரலாறு இதை 'பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்த கதை' என்று எழுதுகிறது. விழுந்தவர்கள், ஏச்சு வாங்கியவர்கள் அதில் பயனாளிகள் மட்டுமே. மிச்சமான நேரம் யாருக்குப் போயிற்று என்பதிலிருந்து அதைத் திரும்ப எழுதணும்.